வீட்டோரத்தில் ஒரு கோல்ப் திடல்!

தலைப்பைக் கண்டதும், "நமக்கும் கோல்புக்கும் என்ன தொடர்பு? அது துரைமார் ஆட்டமாயிற்றே!" என்று உங்களில் சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆட்டம் துரைமாருடையதாக இருக்கலாம். ஆனால் அந்தத் திடல் யாருடைய கையால் உண்டானது?

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒன்பது குழித் திடல் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வயதில் நான் அங்கே கேடிப் பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் துரையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடப்பேன். பந்து லாலான் புதருக்குள் போய்விட்டால் பாம்புக்கும் பயப்படாமல் புகுந்து தேடுவேன். திடலுக்குப் புல் வெட்டியவர் எங்கள் பக்கத்து லயத்துத் தாத்தா. கால்வாய் வெட்டியது, மண் நிரவியது, கொடிக்கம்பு நட்டது எல்லாம் நம் ஆட்கள்தாம். சிலாங்கூரில் 1893-ஆம் ஆண்டிலேயே கோல்ப் கிளப் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டுத் திடல்களில் நம்மவர் சிந்திய வியர்வைக்குக் கணக்கில்லை. பிற்காலத்தில் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்ற பெயர்கள் வந்தபோது, பை சுமந்த எங்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

இப்போது எங்கள் குடும்பத்திலேயே ஓர் ஆட்டக்காரி இருக்கிறாள். என் அக்காளின் பேத்தி. வயது பன்னிரண்டு, நான் பை சுமந்த அதே வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஓர் ஆசிரியர் கோலைக் கையில் கொடுக்க, பிள்ளைக்கு அது நன்றாக வந்துவிட்டது. ஆனால் கிளப்புக்குப் போய்ப் பழகவேண்டுமானால் கட்டணம், போக்குவரத்து என்று மாதம் பிறந்தால் செலவு. அவள் அப்பாவோ லோரி ஓட்டுபவர். ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, மூலை வீடு வாங்கியிருக்கிறோமே, பக்கத்தில் நிலம் சும்மாதானே கிடக்கிறது. அதில் செயற்கைப் புல் போட்டுப் பாப்பாவுக்கு ஒரு கிரீன் செய்து கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

கிரீன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழியைச் சுற்றி மிக நெருக்கமாக வெட்டப்பட்ட புல்தரையைத்தான் கிரீன் என்பார்கள். அங்கே பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. பட்டர் என்னும் கோலால் மெல்லத் தட்டி உருட்டவேண்டும். (ரொட்டியில் தடவும் பட்டர் அன்று!) இந்தத் தட்டும் வேலையை இலேசாக எண்ணாதீர்கள். பதினெட்டுக் குழிகளுக்குத் திடலின் அளவுக் கணக்கு 72 அடி என்றால், குழிக்கு இரண்டு தட்டு வீதம் 36 தட்டுகள் கிரீனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டத்தில் சரிபாதி! இதை வீட்டோரத்திலேயே பழகிக்கொள்ளலாம் என்றால் ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி!

அக்காள் மகன் சொன்னதில் ஒரு சொல்தான் தவறு. நிலம் "சும்மா" கிடக்கவில்லை.

அக்காள் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். பிறந்ததும் வாழ்ந்ததும் தோட்டத்து வீட்டில். அந்த வீடும் நிலமும் நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் வீடும் போய்விடும். 1980, 1990-ஆம் ஆண்டுகளில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தாமான்களாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறியது உங்களுக்குத் தெரியாததன்று. அப்படி வெளியேறி வந்த அக்காளுக்கு, "இது நம் மண்" என்று சொல்லக் கிடைத்த முதல் இடம் இந்தப் பக்கவாட்டு நிலம். கறிவேப்பிலை, முருங்கை, செரை, பாண்டான், வேலியோரத்தில் இரண்டு வாழை. ஒரு மூலையில் அறுகம்புல். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு வைப்பதற்கு. இதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் விரிப்பதா? அக்காள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வாசகர்களே, வீட்டில் இப்படி ஒரு வேலை தொடங்குமுன் முதலில் அளக்கவேண்டியது நிலத்தையன்று. அந்த நிலத்தில் யார் தினமும் கால் வைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யத் தவறினோம். அதன் பலனையும் அனுபவித்தோம்.

பிளாஸ்டிக் புல் பிறந்த கதை

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1965-ஆம் ஆண்டு கூரை போட்ட பெரிய விளையாட்டரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். கூரை வழியே வரும் வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசவைத்ததால் கூரைக்குச் சாயம் பூசினார்கள். வெயில் இல்லாமல் புல் செத்துப்போயிற்று. மறு ஆண்டே மொன்சாண்டோ நிறுவனம் செய்த நைலான் புல்லை விரித்தார்கள். அந்த அரங்கத்தின் பெயரை ஒட்டி அதற்கு அஸ்ட்ரோடர்ப் என்று பெயராயிற்று.

ஹாக்கி பார்த்த பழைய தலைமுறைக்கு இதன் அருமையும் கொடுமையும் தெரியும். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி புல்தரையில் நடந்தது. அரையிறுதியில் நம் மலேசியா இந்தியாவிடம் 3-2 என்று தோற்றபோது நாடே கலங்கியது. இந்தியா கிண்ணத்தையும் வென்றது. அடுத்த ஆண்டு மொந்திரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். 1928 முதல் பதக்கமில்லாமல் திரும்பாத இந்தியா ஏழாம் இடத்துக்குப் போயிற்று. தரை மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோல்புக்கும் அப்படித்தான். வெப்ப நாடுகளின் கிரீன்களில் பெரும்பாலும் வளர்ப்பது பெர்முடா புல். அது என்ன புல் தெரியுமா? நம் அறுகம்புல்லேதான்! அதன் இனக்கலப்பு வகைகளை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி வளர்க்கிறார்கள். நம் நாட்டில் முன்பு செராங்கூன் புல் என்ற ஒன்றையும் கிரீன்களில் வளர்த்தார்கள். இவற்றை வீட்டில் வளர்க்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் நாள்தோறும் அதற்கென்றுள்ள உருளை இயந்திரத்தால் வெட்டவேண்டும், உரம் போடவேண்டும், பூசணம் பார்க்கவேண்டும். லோரி ஓட்டுபவருக்கு அது ஆகிற காரியமா? ஆகவேதான் செயற்கைப் புல்.

முதல் முறை ஏமாந்த விதம்

குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். பேர் வேண்டாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். செடிகளை வெட்டினார், இருந்த புல்லின் மேலேயே மணலைக் கொட்டிப் பலகையால் இழுத்தார், சுருளை விரித்தார், ஓரத்தில் ஆணி அடித்தார். மாலைக்குள் கண்ணைப் பறிக்கும் பச்சை! அக்கம்பக்கத்தார் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் ஆனதும் வேடிக்கையைப் பாருங்கள். மழையில் மணல் அடியோடு நகர்ந்து, நடுவில் பள்ளம் விழுந்தது. விரிப்பைக் குத்திக்கொண்டு லாலான் முளை ஈட்டிபோல் மேலே வந்தது. பந்தைத் தட்டினால் குழியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிற்று. அதுவாவது போகட்டும், ஒரு நாள் பெருமழையில் தண்ணீர் கால்வாய்க்குப் போவதற்குப் பதிலாகச் சமையலறை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அரிசி மூட்டை நனைந்தது. குத்தகைக்காரருக்குத் தொலைபேசி அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் விரித்ததும் கோல்ப் புல்லன்று என்பது பிறகுதான் தெரிந்தது. அழகுக்கு விரிக்கும் புல்லின் இழை 30, 40 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பந்து அதில் உருளாது. சேற்றில் சிக்கிய எருமைபோல் நின்றுவிடும். கிரீனுக்கான புல் 10 முதல் 15 மில்லிமீட்டர்தான். ஆனால் மிக நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கும். வாங்கும்போது கையளவு துண்டு கேளுங்கள். மேசைமேல் வைத்துப் பந்தை உருட்டிப் பாருங்கள். துண்டு தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

அடியில் இருப்பதே முக்கியம்

இரண்டாம் முறை யாரையும் அழைக்கவில்லை. அக்காள் மகன், நான், தோட்டத்தில் ரோடு போடும் கூட்டத்தில் இருந்த என் பழைய கூட்டாளிகள் இருவர். மூன்று சனி ஞாயிறு. தோட்டத்து மண்சாலைக்கு எப்படி முதுகு வைத்துக் கட்டுவார்கள், மலைச்சரிவில் தண்ணீரை எப்படித் திருப்புவார்கள் என்று அறிந்தவர்களுக்கு இந்த வேலை பாதி தெரிந்த வேலைதான்.

இந்த முறை முதல் வேலையாக அக்காளைக் கூப்பிட்டு, "எதெது இருக்கவேண்டும், சொல்லு அக்கா" என்றேன். வேலியோரமாக மூன்றடி அகலத்துக்கு நீளநெடுகக் கோடு போட்டுக் காட்டினார். அந்தப் பட்டை அவருக்கு. மிச்சம் 10 அடி அகலம், 30 அடி நீளம் பேத்திக்கு. ஒடுக்கமான நிலம் என்று வருந்தவேண்டாம். தட்டிப் பழக அகலத்தைவிட நீளமே முக்கியம்.

தோண்டுமுன் ஒன்று கவனியுங்கள். பக்கவாட்டு நிலத்தின் அடியில்தான் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருந்தால் அதைப் புல்லால் மூடிவிடாதீர்கள். என்றைக்காவது திறக்கவேண்டி வரும். வேலிக்கு வெளியே உள்ள கால்வாயோரம் உங்களுடையதன்று. அங்கே ஓரடி நீட்டினாலும் நகராண்மைக் கழகத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

பிறகு ஐந்தாறு அங்குலம் தோண்டி எடுத்தோம். லாலான் இருந்த இடத்தில் வேரைக் கிழங்குபோல் தோண்டி எடுக்கவேண்டும். ஒரு கணு விட்டாலும் திரும்ப வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடிமண்ணைக் கெட்டித்து, மண்ணும் கல்லும் கலக்காதிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தோம். தண்ணீர் போகும், மண் போகாது. அதன்மேல் நான்கு அங்குலக் கனத்துக்கு உடைத்த கல். ஹார்ட்வேர் கடையில் "கிரஷர் ரன்" என்று கேளுங்கள். எங்கள் 300 சதுர அடிக்கு ஏறக்குறைய ஆறு டன் பிடித்தது. லோரிக்காரர் வீட்டில் கல் ஏற்றிவர ஆள் தேடவேண்டியதில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

நான்கு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. இரண்டு அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த கெட்டிக்கும் இயந்திரத்தை ஓட்டி, பிறகு அடுத்த இரண்டு. அதன்மேல் ஓர் அங்குலம் கல்தூள். கடைசியில் செருப்புக் காலோடு நடந்து பார்க்கவேண்டும். காலடி பதிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

சாய்வு எவ்வளவு? ஓரடிக்கு அரைக்கால் அங்குலத்திலிருந்து கால் அங்குலம் வரை. கட்டாயம் வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பார்த்துச் சாயவேண்டும். கால் அங்குலம் வைத்தால் பத்தடி அகலத்தில் இரண்டரை அங்குலம் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். எங்களுக்கு அந்தத் தண்ணீர் நேரே அக்காளின் மூன்றடிப் பட்டைக்குப் போகிறது. வாழைக்கு வேறு தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை. நடுவில் ஒரு மெல்லிய மேடு வைத்தோம், பேத்தி வளைவு பழகுவதற்காக. ஆசைப்பட்டு மலையும் பள்ளமுமாகச் செய்துவிடாதீர்கள். குழியைச் சுற்றி இரண்டடிக்குத் தரை ஏறக்குறைய மட்டமாக இருந்தால்தான் பந்து நிற்கும்.

குழியின் குறுக்களவு உலகமெங்கும் ஒன்றே: நாலேகால் அங்குலம். ஆழம் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கடையில் விற்கும் கிண்ணத்தைக் கல்தூளில் பதித்து, விளிம்பு தரைக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைக்கவேண்டும். நாங்கள் மூன்று குழி வைத்தோம்.

புல்லை விரிக்குமுன் சுருளைப் பிரித்து வெயிலில் சில மணி நேரம் போட்டு வைத்தால் மடிப்பு நீங்கும். இங்கேதான் என் கேடி வேலை எனக்குக் கைகொடுத்தது. புல்லுக்கு ஒரு சாய்மானம் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களைவிட்டு அப்பால் சாய்கிறது, பந்து வேகமாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்கிறது, பந்து தயங்கும். இதை நான் அந்தக் காலத்தில் துரையிடம் மெல்லச் சொல்வேன். அவர் தாமே கண்டுபிடித்ததுபோல் தலையாட்டுவார். பிளாஸ்டிக் புல்லுக்கும் இதே சாய்மானம் உண்டு. ஆகவே இரண்டு துண்டுகளை இணைத்தால் இரண்டும் ஒரே பக்கம் சாயவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நிறமாகத் தெரிவதோடு பந்தும் இணைப்பைத் தாண்டும்போது குணம் மாறும். அடியில் இணைப்புப் பட்டை வைத்துப் பசையிட்டு ஒட்டவேண்டும். இணைப்பு குழியின் நடுவே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவது எப்போதும் பின்புறத்திலிருந்து.

கடைசியில் காய்ந்த சிலிக்கா மணலைத் தூவித் தூவித் துடைப்பத்தால் உள்ளே தள்ளவேண்டும். மணல்தான் இழைகளைத் தாங்கி நிறுத்தும். செலவை மிச்சப்படுத்தக் கடல்மணலை அள்ளி வராதீர்கள்.

பந்து ஓடும் வேகத்தை அளக்க ஒரு கருவி உண்டு. 1935-இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. மூன்றடி நீளச் சட்டம். அதில் 30 அங்குலத் தொலைவில் ஒரு பள்ளம். பந்தை அதில் வைத்து மெல்ல உயர்த்தினால், ஏறக்குறைய 20 டிகிரி வந்ததும் தானே உருண்டுவிடும். தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே வேகம். நாங்கள் பழைய அலுமினியச் சட்டம் ஒன்றில் செய்து பார்த்தோம். ஒன்பது அடி ஓடிற்று. பேத்தி துள்ளிக் குதித்தாள்!

வெயில், கொசு, வயது

கடைக்காரர் சொல்லாத மூன்றை நான் சொல்லிவிடுகிறேன்.

செயற்கைப் புல் நண்பகல் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். உண்மைப் புல் தன் ஈரத்தால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இதற்கு அந்த வித்தை தெரியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் தணியும், பிறகு மீண்டும் ஏறும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

மழைக்குப் பிறகு குழிக் கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டிங்கி காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பது நம் தாமான்களுக்குத் தெரியும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதமும் உண்டு. ஆகவே கிண்ணத்தின் அடியில் துளை இருக்கவேண்டும், துளைக்கடியில் ஓரடி ஆழத்துக்குச் சரளைக்கல் இருக்கவேண்டும். மழைக்காலத்தில் தினமும் ஒரு பார்வை. பேத்திக்கு இட்டிருக்கும் முதல் வேலை அதுதான்; பிறகுதான் கோலைத் தொடலாம்.

மூன்றாவது, இதற்கு ஆயுள் உண்டு. வெயில் இழையைத் தின்னும். உடைந்த இழை தூளாகிக் கால்வாயில் போகும். என்றோ ஒருநாள் சுருட்டிக் குப்பைக்கு அனுப்பியே ஆகவேண்டும், அது மக்காது. அதனால்தான் முழு நிலத்தையும் மூடவேண்டாம் என்று வற்புறுத்துகிறேன்.

இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. உங்களுடையதல்லாத மண்ணில் ஆறு டன் கல்லைக் கொட்டாதீர்கள். பிள்ளைக்கு ஆசையிருந்தால் இரண்டடி அகலம், பத்தடி நீளத்தில் கிரீன் புல் துண்டு ஒன்று வாங்கி, சிமெண்டுத் தரையில் விரியுங்கள். குழிக்குப் பதில் ஓர் ஐம்பது காசு நாணயம் போதும். நாணயத்தைத் தொடப் பழகிய கைக்கு நாலேகால் அங்குலக் குழி கிணறுபோல் தெரியும். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம். வீடு மாறினால் கூடவே வரும்.

எங்கள் வீட்டுச் செய்தி கேட்பீர்களே. கறிவேப்பிலை திரும்பத் துளிர்த்துவிட்டது. முருங்கைக்குப் புதுக் கிளை நட்டிருக்கிறார் அக்காள். அறுகம்புல் தன் மூலையிலிருந்து கிரீன் பக்கம் மெல்ல எட்டிப்பார்க்கிறது; அக்காள் மகன் வாரம் ஒருமுறை ஓரத்தை வெட்டுகிறார், அக்காள் பார்க்காதபோது. போன மாதம் நான் போயிருந்தேன். நண்பகல். பேத்தி கோலோடு வாசற்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று எட்டிப் பார்த்தால், கிரீன் முழுக்கப் பாய் விரித்து, அக்காள் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தார்.

"இந்தச் சூட்டில் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது தம்பி. அவள் ஐந்து மணிக்கு மேல் ஆடட்டும்" என்றார்.